இறைச்சியைக் காற்று கெடுக்கும்போது: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

ஆடோ கோழியோ அறுபட்டவுடன் தசைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடுகிறது. தசைக்குள் நடக்கும் வேதிவினைகள் நிற்பதில்லை. விலங்கு உயிரோடு இருக்கும்வரை, தீவனத்தின் வழியே வந்து சேரும் வைட்டமின் ஈயும், கேட்டலேஸ் போன்ற நொதிகளும் ஆக்சிஜனால் வரும் சிதைவை, அதாவது ஆக்சிஜனேற்றத்தை, ஓயாமல் தடுத்துக்கொண்டிருக்கும். அறுத்த பிறகு அந்தக் காவலுக்குப் புதிய வரவு இல்லை. இருக்கும் கையிருப்பு கரைந்துகொண்டே வரும். தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதால் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 7க்கு அருகிலிருந்து 5.5 வரை இறங்குகிறது, புரதங்களில் கட்டுண்டு கிடந்த இரும்பு சிறிது சிறிதாக விடுபடுகிறது, வெட்டும்போதும் அரைக்கும்போதும் காற்று உள்ளே புகுகிறது. இவை சேர்ந்து நிறம், கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றையும் வெவ்வேறு வேகத்தில் கெடுக்கின்றன. கடையிலும் வீட்டிலும் "கறி கெட்டுப்போச்சு" என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடும் குறைகள் உண்மையில் பல காரணங்களைக் கொண்டவை. காரணம் தெரியாமல் முடிவெடுத்தால் நல்ல கறி குப்பைக்கும் கெட்ட கறி அடுப்புக்கும் போய்ச் சேர்கின்றன.

முதற்படி: அழுகலா, ஆக்சிஜனேற்றமா?

எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் விரலால் தொட்டும் முகர்ந்தும் பார்க்க வேண்டும். பாக்டீரியாவால் கெட்ட கறி வழவழப்பாகப் பிசுபிசுக்கும். புளித்த வாடையோ, அழுகிய முட்டையின் வாடையோ, அம்மோனியா நெடியோ வீசும். மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பாக்டீரியா எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு கோடியைத் தொடும்போதுதான் அந்த வாடை மூக்குக்கு எட்டும். பத்துக் கோடி அளவில் வழவழப்பு தெரியும். அதாவது, நாம் உணரும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும். அத்தகைய கறியை மஞ்சள் தூள் போட்டுக் கழுவியோ, வினிகரில் ஊறவைத்தோ மீட்க முடியாது; தூக்கி எறிவதே சரி.

ஆக்சிஜனேற்றத்தால் கெட்ட கறியில் வழவழப்பு இருக்காது. அதன் வாடை காறல் வாடை: பழைய நிலக்கடலை, திறந்துவைத்த எண்ணெய், நனைந்து காய்ந்த அட்டை, பெயின்ட் ஆகியவற்றை நினைவூட்டும். இதனால் முதலில் போவது சுவையும் நிறமும் மென்மையும்தான். உடனடி நோய் அபாயம் இதில் முதன்மையானது அன்று. இரண்டு வகை அறிகுறிகளும் சேர்ந்து தெரிந்தால் அழுகல் என்றே கொள்ள வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: காறல் இல்லை, நிறம் மாறவில்லை என்பதால் கறி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது, ஏனெனில் நோய் தரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வாடையோ நிறமாற்றமோ காட்டாமலே பெருகும். கறி எத்தனை மணி நேரம் வெப்பத்தில் கிடந்தது என்ற கேள்விக்கு மூக்கு விடை சொல்லாது.

அறிகுறி: சிவப்பாக இருந்த கறி பழுப்பாகிவிட்டது

கறியின் நிறத்துக்குக் காரணம் இரத்தம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பங்கு, தசைக்குள்ளேயே இருந்து ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் என்ற புரதத்தினுடையது. அதன் நடுவே ஓர் இரும்பணு இருக்கிறது. ஆக்சிஜன் படாதபோது அது ஊதா கலந்த கருஞ்சிவப்பாகத் தெரியும். வெட்டிய முகத்தில் காற்றுப் பட்டு அரைமணி நேரத்துக்குள் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ள, பளிச்சென்ற சிவப்பாகும். நாளடைவில் இரும்பணு ஓர் எலக்ட்ரானை இழந்து ஆக்சிஜனேற்றம் அடைய, பழுப்பாகும். மேற்பரப்பு நிறமியில் ஐந்தில் ஒரு பங்கு பழுப்பாக மாறினாலே வாங்குபவர் தயங்கத் தொடங்குகிறார்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் முற்றிலும் இல்லாத இடத்தில் பழுப்பு உண்டாவதில்லை. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும் இடத்தில் மெல்லத்தான் உண்டாகும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக ஆக்சிஜன் தங்கிய இடத்தில்தான் மிக விரைவாக உண்டாகும். ஆகவே பழுப்பு எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திய இடத்திலோ, கொத்துக்கறிக் குவியலின் உட்புறத்திலோ மட்டும் பழுப்பு இருந்தால், அங்கே ஆக்சிஜன் சொற்பமாக எட்டியிருக்கிறது என்று பொருள். வெளியே சிவப்பாகவும் உள்ளே பழுப்பாகவும் இருக்கும் கொத்துக்கறியைப் பார்த்து, "பழைய கறியை உள்ளே வைத்துப் புதிய கறியால் மூடிவிட்டார்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். அப்படியும் நடக்கலாம், ஆனால் இயல்பான வேதியியலே இந்தத் தோற்றத்தைத் தரும் என்பதை அறிந்த பிறகே குற்றம் சாட்ட வேண்டும். வாடை சரியாக இருந்தால் அந்தக் கறியை அன்றே சமைக்கலாம்.

கண்ணாடிப் பெட்டியில் விளக்குக்கு நேர் கீழே இருந்த பகுதி மட்டும் பழுத்திருந்தால், காரணம் ஒளியும் அந்த விளக்கின் சூடும். விளக்கைத் தள்ளி வைப்பதும், பெட்டியின் வெப்பநிலையை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாமல் பார்ப்பதும் பயன் தரும். மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது சிறிது நேரம் மினுமினுப்பைத் தருமே தவிர நிறமியைக் காப்பதில்லை. ஈரம் பாக்டீரியாவுக்கே உதவுகிறது.

வெற்றிடப் பொதியில் வைத்த கறி ஓரிரு நாளில் பழுத்திருந்தால், பொதியில் சொற்பக் காற்று தங்கியிருக்கிறது அல்லது ஒட்டிய விளிம்பில் கசிவு இருக்கிறது. பொதி தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். நன்றாக ஒட்டிய பொதியில் கறி கருஞ்சிவப்பாக இருப்பது குறையன்று. வெளியே எடுத்து அரைமணி நேரம் குளிர்ச்சியில் வைத்தால் சிவப்பு திரும்பும். திரும்பவே இல்லை, கறி கறுத்து, உலர்ந்து, ஒட்டும் தன்மையோடு இருக்கிறது என்றால், விலங்கு அறுப்பதற்கு முன் ஓடியோ பட்டினி கிடந்தோ நெடுந்தூரம் லாரியில் வந்தோ தசையின் சர்க்கரைச் சேமிப்பை இழந்திருக்கலாம். அப்படிப்பட்ட தசையில் பி.எச். 6க்குக் கீழே இறங்குவதில்லை. இந்தக் குறை கத்தி படுவதற்கு முன்பே உண்டானது. கடையில் சரிசெய்ய வழியில்லை, ஆனால் அத்தகைய கறி விரைவில் அழுகும் என்பதால் முதலில் விற்கவோ சமைக்கவோ வேண்டும்.

எங்கும் ஒரே சீராகப் பழுத்திருந்தால் நாள்தான் காரணம். இதிலும் எல்லாத் தசைகளும் ஒன்றுபோல் நடப்பதில்லை: மாட்டின் முதுகுத்தண்டுக்கு அடியில் உள்ள மென்தசை சிவப்பை விரைவில் இழக்கும், முதுகின் மேற்புறத் தசை கூடுதல் நாள் தாங்கும். தீவனமும் இதில் பேசும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980களின் இறுதியில் நடந்த ஆய்வுகள், மாடுகளுக்கு அறுப்பதற்கு முந்தைய சில மாதங்கள் வைட்டமின் ஈயைக் கூடுதலாகக் கொடுத்தால் கறியின் நிறம் சில நாட்கள் கூடுதலாக நிலைக்கும் என்று காட்டின. பச்சிலையில் அந்த வைட்டமின் இயல்பாகவே மிகுதி. அறுத்த பிறகு கறியின் மேல் தடவுவதைவிட, மேய்ச்சலில் உடம்போடு சேர்ந்த வைட்டமின், செல் சவ்வுக்குள்ளேயே இருந்து காப்பதால், பலமடங்கு பயனுள்ளது.

சிவப்பே புதுமைக்குச் சான்று என்று கொள்வதும் தவறுதான். அமெரிக்காவில் 0.4 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு கலந்த பொதிகளுக்கு அனுமதி உண்டு. அந்த வாயு மையோகுளோபினைப் பிடித்துக்கொண்டு கறி கெட்ட பிறகும் சிவப்பாகக் காட்டக்கூடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதை ஏற்கவில்லை.

அறிகுறி: சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்த கறி, மறுநாள் சூடாக்கியதும் அட்டை வாடை வீசுகிறது

வீட்டுச் சமையலறையில் ஆக்சிஜனேற்றம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான். 1958இல் டிம்ஸ், வாட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தனிக் குறையாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். பச்சைக் கறியில் வாரக்கணக்கில் மெல்ல நடக்கும் கொழுப்புச் சிதைவு, சமைத்த கறியில் ஓரிரு நாளில் நடந்துவிடுகிறது. வெப்பம் மையோகுளோபினை உடைத்து இரும்பை வெளியே விடுகிறது; செல் சவ்வுகளையும் சிதைத்து, அவற்றில் உள்ள பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பை அந்த இரும்புக்கும் காற்றுக்கும் நடுவே திறந்து வைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பைச் சீவி எறிந்தாலும் இந்தக் குறை போகாததற்கு இதுவே காரணம்: மெலிந்த தசையின் எடையில் ஒரு விழுக்காடுகூட வராத சவ்வுக் கொழுப்பே இந்த வாடைக்குப் போதும். அது உடையும்போது வரும் ஹெக்சனால் முதலிய ஆல்டிஹைடுகள் மிகச் சொற்ப அளவிலும் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

முதலில் எந்தக் கறி என்று பார்க்க வேண்டும். நிறைவுறாக் கொழுப்பு மிகுந்தது முதலில் கெடும் என்பது பொது விதி: மீன் முதலில், அடுத்துக் கோழி, பிறகு பன்றி, கடைசியாக மாடும் ஆடும். கோழியிலும் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி விரைவில் காறும், அதில் கொழுப்பும் இரும்பும் கூடுதல்.

அடுத்து, எப்படிச் சமைத்து எப்படி வைத்தோம் என்று பார்க்க வேண்டும். உப்பு மட்டும் போட்டு வேகவைத்துப் பிய்த்து, பெரிய டப்பாவில் பாதியளவு நிரப்பி வைத்த கோழி, இந்தக் குறைக்கு எல்லா வகையிலும் இடம் கொடுத்த கோழி. உப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது, பிய்த்ததால் பரப்பு பெருகுகிறது, டப்பாவின் பாதி காற்று. அதே கோழி குழம்பில் கிடந்தால் கதை வேறு. நம் வீடுகளில் "குழம்பு மறுநாள்தான் ருசி" என்று சொல்வதில் வேதியியல் அடிப்படை இருக்கிறது. மசாலா கறிக்குள் ஊறுவது ஒரு பங்கு. கிராம்பு, பட்டை, மஞ்சள், வெங்காயம் ஆகியவற்றில் உள்ள பீனால் சேர்மங்கள் கொழுப்புச் சிதைவின் தொடர்வினையை இடையில் அறுப்பது இன்னொரு பங்கு. கறித்துண்டுகள் சாற்றில் மூழ்கி, மேலே எண்ணெய் மிதந்து, காற்று எட்டாமல் கிடப்பது மூன்றாவது பங்கு.

ஆகவே பரிகாரம் சமைக்கும்போதே தொடங்க வேண்டும். மறுநாள் கறியைச் சூடாக்கும்போது மசாலாவைச் சேர்த்தால், ஏற்கெனவே உண்டான ஆல்டிஹைடுகளை மூடி மறைக்குமே தவிர நீக்காது. மறுநாளுக்கு என்று எடுத்து வைக்கும் கறியைப் பிய்க்காமல் துண்டாகவே, சாறோடு, விளிம்புவரை நிரம்பும் சிறிய பாத்திரத்தில் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். இரவு முழுவதும் அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுக் காலையில் கொதிக்கவைப்பது ஆக்சிஜனேற்றத்தைவிடப் பெரிய ஆபத்தை வரவழைக்கும். ஆலைகளில் இரும்பைக் கட்டிப்போடப் பாஸ்பேட் உப்புகளையும், பதப்படுத்திய இறைச்சியில் நைட்ரைட்டையும் சேர்க்கிறார்கள். நைட்ரைட் அளவு தப்பினால் நஞ்சு. வீட்டில் அதற்கு வேலையில்லை.

அறிகுறி: ஃப்ரீசரில் வைத்த கறி காறுகிறது, அல்லது வெளுத்த உலர்ந்த திட்டுகள் தெரிகின்றன

உறைந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையால் வரும் குறை இது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 டிகிரியில் பாக்டீரியா பெருகாது. கொழுப்பின் ஆக்சிஜனேற்றம் மட்டும் மெதுவாகத் தொடரும். நீர் பனிக்கட்டியாகும்போது, உறையாமல் எஞ்சும் சிறிதளவு நீரில் உப்பும் இரும்பும் செறிந்துவிடுகின்றன என்பதால், அரைகுறையாக உறைந்த நிலை, தேவையான வினைப்பொருள்களை ஒரே இடத்தில் கூட்டிவைப்பதற்கு ஒப்பாகும். அடிக்கடி மின்சாரம் போய், அடிக்கடி கதவு திறக்கும் ஃப்ரீசரில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

வெளுத்த திட்டு என்பது பனிக்கட்டி நேரடியாக ஆவியாகிப் போன இடம். அங்கே தசை கடற்பஞ்சுபோல நுண்துளைகளோடு நிற்பதால் காற்று ஆழமாகப் புகுந்து, காறல் அங்கிருந்தே தொடங்குகிறது. பைக்குள் பனித்தூள் நிறைய உதிர்ந்து கிடந்தால், அந்த நீரெல்லாம் கறியிலிருந்து வந்தது என்று அறிய வேண்டும். திட்டுகளைச் சீவிவிட்டு, எஞ்சியதைக் காறல் இல்லையென்றால் பயன்படுத்தலாம்.

தடுப்பதற்கு, ஒருவேளைக்குப் போதுமான அளவைத் தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, பையைக் கறியோடு ஒட்டினாற்போல் மூட வேண்டும். உறையவைக்கும் கறியில் உப்பு சேர்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். மஞ்சள், மிளகாய், இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றைத் தடவி உறையவைத்து, உப்பைச் சமைக்கும் அன்று போடலாம். நிலையான 18 டிகிரிக் குளிரில் கொத்துக்கறிக்கு 3 முதல் 4 மாதம், கோழித் துண்டுகளுக்கு 9 மாதம், முழுக்கோழிக்கு ஓராண்டு என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை தரும் கணக்கு. மின்வெட்டு உள்ள வீட்டில் இதில் பாதியை நம்புவதே நல்லது. கொத்துக்கறிக்கு ஏன் இத்தனை குறைவு என்றால், அரைக்கும்போதே சவ்வுகள் கிழிந்து, காற்று ஒவ்வோர் இழையிலும் கலந்துவிடுகிறது. துருப்பிடித்த அரவை இயந்திரம் அதோடு இரும்பையும் சேர்த்துக் கொடுக்கும்.

உறைந்த கோழியைச் சமைத்தபின் எலும்பைச் சுற்றிக் கறுத்திருப்பதும் இதோடு சேர்த்துக் கேட்கப்படுகிறது. ஆறேழு வாரத்தில் வளர்ந்த பிராய்லர் கோழியின் எலும்பு நுண்துளை மிகுந்தது. உறைந்து உருகும்போது மஜ்ஜையின் நிறமி வெளியே கசிந்து, சூட்டில் கறுக்கிறது. கண்ணுக்கு உறுத்தலே தவிரக் கேடு இல்லை.

அறிகுறி: எவ்வளவு வேகவைத்தாலும் கறி ரப்பர்போல் இருக்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு, ஒன்றுக்கே பழியைப் போடக் கூடாது. முற்றிய ஆடாக இருந்தால் இணைப்புத் திசு கெட்டிப்பட்டிருக்கும். குறைந்த தீயில் நீண்ட நேரம் வெந்தால் அது இளகும். இளகியது என்றால் கேள்வி அங்கே முடிகிறது.

இளகவில்லையென்றால், கறி வாங்கி வந்த சூட்டோடு ஃப்ரீசருக்குப் போனதா என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் காலையில் அறுத்த ஆட்டை அந்தச் சூடு ஆறுமுன்னே வாங்கி வருவதே வழக்கம். தசையின் பி.எச். 6க்கு இறங்குமுன் அது 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால், இழைகள் சுருங்கி அப்படியே இறுகிவிடும். நியூசிலாந்தில் லாக்கர், ஹாக்யார்ட் ஆகிய இருவர் 1963இல் இதை மாட்டுத் தசையில் விளக்கினார்கள். இது ஆக்சிஜனேற்றம் அன்று. எவ்வளவு வேகவைத்தாலும் சரியாவதும் இல்லை. கறியை உடனே சமைத்துவிடுவது, அல்லது துண்டு போடாமல் ஃப்ரிட்ஜின் சாதாரண அறையில் ஒருநாள் வைத்திருந்து பிறகு உறையவைப்பது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்யலாம்.

மூன்றாவதே ஆக்சிஜனின் வேலை. அறுத்த கறி நாள்பட நாள்பட மென்மையாவதற்குக் காரணம், கால்பெய்ன் என்ற நொதி தசைப்புரதங்களை ஆங்காங்கே வெட்டிவிடுவது. அந்த நொதியின் செயல்முனையில் கந்தகம் இருப்பதால் ஆக்சிஜனேற்றம் அதைச் சுலபமாக முடக்குகிறது. அதே வேளையில் மையோசின் புரதங்கள் கந்தகப் பாலங்களால் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. ஏறத்தாழ 80 விழுக்காடு ஆக்சிஜன் நிரப்பி விற்கும் உப்பிய தட்டுப் பொதிகளில் கறி அழகான சிவப்பாக இருந்தும், வெற்றிடப் பொதியில் அதே நாள் கிடந்த கறியைவிடக் கடினமாகவும் சாறு குறைந்தும் இருப்பது இதனால்தான். நிறத்துக்காக மென்மையை விலையாகக் கொடுக்கும் முறை இது, எனக்கு உடன்பாடில்லை. மென்மை வேண்டுவோர் வெற்றிடப் பொதியைத் தேர்ந்தெடுத்து, ஊதா நிறத்துக்கு அஞ்சாதிருக்கலாம்.

அறிகுறி: கொத்துக்கறி உள்ளே பழுத்துவிட்டது, ஆனால் வெந்ததா என்று ஐயம்

இந்த ஐயம் நியாயமானது. ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த மையோகுளோபின் குறைந்த சூட்டிலேயே சிதைந்து வெந்த நிறத்தைக் காட்டும். உள்ளே 55 டிகிரிதான் ஆகியிருக்கும், பார்வைக்கு முழுதும் வெந்திருக்கும். ஆக்சிஜன் படாத கறியோ முழுதும் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே நிற்கக்கூடும். கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990களில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டிய பிறகு, நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தப்படுகிறது. கபாப், கட்லெட், கோலா உருண்டை எதுவாயினும் நடுவில் வெப்பமானியைச் செருகி, மாடு அல்லது ஆட்டுக் கொத்துக்கறிக்கு 71 டிகிரியும் கோழிக்கு 74 டிகிரியும் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: வெட்டிய முகத்தில் மயில் கழுத்துபோல் பச்சை மினுமினுப்பு

கறியைச் சாய்த்துப் பார்க்கும்போது நிறம் மாறினால், அது இழைகளைக் குறுக்குவெட்டாக அரிந்த பரப்பில் ஒளி சிதறுவதால் வரும் தோற்றம், கேடு இல்லை. எப்படித் திருப்பினாலும் பச்சை மாறாமல் நின்றால், பாக்டீரியா வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடோ பெராக்சைடோ நிறமியைத் தாக்கியிருக்கிறது. அந்தக் கறி வேண்டாம்.

அறிகுறி: உப்புக்கண்டம் மஞ்சள் பூத்து, தொண்டையில் காறுகிறது

உப்பு, வெயில், காற்று, இரும்பு, கொழுப்பு ஆகிய ஐந்தும் ஒன்றுகூடும் பண்டம் உப்புக்கண்டம். இது காறாமல் இருப்பதே வியப்பு. காறாமல் காப்பவை அதில் தடவும் மஞ்சளும் மிளகாயும்தான். மஞ்சள் நிறம் எங்கே பூத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொழுப்பு ஒட்டிய விளிம்பில் மட்டும் என்றால், அறுக்கும்போது கொழுப்பைச் சரியாக நீக்கவில்லை. எல்லாத் துண்டிலும் வெளிப்பக்கம் என்றால், வெயில் நேரடியாக நெடுநேரம் பட்டிருக்கிறது. மெல்லிய துணி போர்த்திக் காயவைக்க வேண்டும். காயும்போது நன்றாக இருந்து, எடுத்து வைத்தபின் காறியது என்றால், டப்பாவில் காற்றும் ஒளியும் சேர்ந்திருக்கின்றன. சுத்திகரிக்காத கல்லுப்பில் உள்ள உலோக மாசும் இதை விரைவுபடுத்தும் என்பதால், ஒரே ஆட்டின் கறியை இரண்டு பங்காக்கி, ஒன்றுக்கு வழக்கமான கல்லுப்பும் மற்றதற்குத் தூய தூளுப்பும் போட்டுப் பார்ப்பது பயனுள்ள சோதனை.

காறலின் அளவில் ஐயம் இருந்தால், எண்ணெயில் பொரித்துப் பார்க்கக் கூடாது. பொரிக்கும் மணம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒரு துண்டைச் சிறிது வெந்நீரில் போட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து முதல் ஆவியை முகர வேண்டும். பெயின்ட் வாடை தெரிந்தால் அந்த டப்பா முழுவதையும் கொட்டிவிட்டு, டப்பாவின் மூடி இடுக்கில் படிந்த பழைய கொழுப்பையும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்தப் படிவில் உள்ள பெராக்சைடுகள் அடுத்து வைக்கும் உப்புக்கண்டத்தில் அதே தொடர்வினையைத் தொடங்கிவைக்கும்.